திருவொற்றியூர் ஞாயிறு சைக்கிள் வகுப்பு: மஞ்சள் ரிப்பனும் வரிசையின் கடைசி இடமும்

பெண்களுக்கு மட்டும் என்று அறிவித்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு 1,800 ரூபாய் கட்டணத்தில் திருவொற்றியூரில் நடத்தப்படும் குழுச் சைக்கிள் பயிற்சியை முழுவதும் முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தினமும் கடந்து பள்ளிக்குப் போன எனக்கு, சைக்கிள் ஓட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்துப் பேர் நெருக்கமாக ஓட்டும்போது ஒருவரையொருவர் வீழ்த்தாமல் ஓட்டுவதைக் கற்கவே சேர்ந்தேன்.

காலை 5 மணிக்குப் புறப்பட்டு, எண்ணூர் விரைவுச்சாலை வழியாகத் தாழங்குப்பம் முகத்துவாரம் வரை சென்று திரும்புகிறோம். ஓரமெல்லாம் மணல், திரும்பும் வழியில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இப்படிப்பட்ட சாலையில் ஒழுங்கைக் கற்றவர் வேறெங்கும் ஓட்டலாம் என்பதால், பாதைத் தேர்வில் எனக்குக் குறையில்லை.

கற்பிக்கும் முறை உண்மையிலேயே நன்று. நம் முன்சக்கரம் முன்னால் செல்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்துவிடக் கூடாது என்பதே முதல் பாடம். “சக்கரத்தோட சக்கரம் உரசினா முன்னாடி போறவங்க தப்பிச்சுடுவாங்க, விழறது நீங்கதான்கா” என்று, என்னைவிடப் பத்து வயதாவது இளையவரான பயிற்றுநர் சொன்னது மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது. “குழி”, “மணல்”, “லாரி” என்று முதலில் செல்பவர் குரல் கொடுக்க, அச்சொல் ஒவ்வொருவர் வாயாகக் கடைசி ஆள் வரை வந்து சேரும். முன்கைகளைக் கைப்பிடிமேல் கிடத்திக்கொண்டு ஓட்டிய தோழி ஒருவரை முதல் நாளே நிறுத்தி, அந்த அமர்வையும், இருக்கையை விட்டிறங்கிச் சட்டத்தின் குறுக்குக் குழாய்மேல் உட்கார்ந்து இறக்கத்தில் பாய்வதையும் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் சாலைப் பந்தயங்களில் 2021 ஏப்ரலிலேயே தடைசெய்துவிட்டதைப் பயிற்றுநர் விளக்கினார். மலையே இல்லாத வடசென்னையில் இறக்கம் என்றால் மேம்பாலம்தான். ஆனாலும் முன்கையை ஊன்றியவரால் சட்டென்று பிரேக் பிடிக்க முடியாது என்பது எங்கும் ஒன்றுதான்.

ஒழுங்கை மீறுபவரின் கைப்பிடியில் மஞ்சள் ரிப்பன் கட்டப்படும். 2025 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஒன்றியத்தின் மஞ்சள் அட்டை விதியிலிருந்து எடுத்தது இது. அங்கே ஒரே பந்தயத்தில் இரண்டு அட்டை பெற்றவர் வெளியேற்றப்படுவார், ஏழு நாள் தடையும் உண்டு. இங்கே இரண்டு ரிப்பன் பெற்றவர் அன்று முழுவதும் வரிசையின் கடைசியில் ஓட்ட வேண்டும்.

மூன்றாம் வாரம் அந்தக் கடைசி ஆள் நான். சைகை காட்டாமல் ஒரு குழியை விலக்கியதற்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போது திடீரென்று வேகம் குறைத்ததற்கு ஒன்று, இரண்டும் நியாயமானவையே. எர்ணாவூர் அருகே, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய கம்பித் துண்டு ஒன்று என் பின்சக்கரத்தில் ஏறியது. நான் கத்தியது லாரிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. முன்னாலிருந்து பின்னால் சொல் கடத்த மூன்று வாரம் பழகிய எங்களுக்கு, பின்னாலிருந்து முன்னால் கடத்த ஒரு சொல் கூடக் கற்றுத்தரப்படவில்லை. தேநீர்க் கடையில் இறங்கி டம்ளர்களை எண்ணிய பிறகே ஒருவர் குறைவது தெரிந்ததாம். அதற்குள் 25 நிமிடம் கடந்திருந்தது. லாரி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் ஒருவர்தான், இவ்வளவு சின்ன டியூபைக் கண்டு வெகுகாலமாயிற்று என்று சிரித்தபடியே ஒட்டிக் கொடுத்தார்.

எனக்கு நேர்ந்தது வெறும் பஞ்சர்தான். 2024 செப்டம்பர் 26 அன்று சூரிச் உலகச் சாம்பியன் போட்டியின் இளையோர் மகளிர் பந்தயத்தில், மழையில் நனைந்த காட்டுப் பகுதியில் விழுந்த சுவிட்சர்லாந்தின் 18 வயது முரியல் ஃபூரர், யாரும் அறியாமல் நெடுநேரம் கிடந்ததாகச் செய்திகள் வந்தன, மறுநாள் இறந்துபோனார். வீராங்கனைகளிடம் வானொலித் தொடர்பு அந்தப் போட்டியில் இல்லை. இருக்குமிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவியைக் கட்டாயமாக்கும் முயற்சி அதன்பின் வேகம் பெற்றாலும், 2025 ஆகஸ்டில் மகளிர் டூர் டி ரோமாண்டி பந்தயத்தில், அதைச் சுமக்க அணிக்கு ஒருவரைக் குறிக்க மறுத்ததற்காக ஐந்து அணிகள் தொடக்கத்துக்கு முன்பே நீக்கப்பட்டன. கருவி யார் பொறுப்பு என்ற சச்சரவில் பந்தயமே சுருங்கிய கதை அது. எங்கள் வகுப்புக்குக் கருவி வேண்டாம்; ஒரு விசிலும், கடைசியில் வர ஒரு துணைப் பயிற்றுநரும் போதும்.

தண்டனை பெற்றவரை, அதாவது அன்று தடுமாறிக்கொண்டிருப்பவரையே, யார் கண்ணும் படாத இடத்துக்கு அனுப்பும் இந்த ஏற்பாடு எனக்கு ஒப்பவில்லை. ஒன்றியத்தின் மஞ்சள் அட்டை அணி மேலாளருக்கும், பந்தயத்தோடு செல்லும் வாகன ஓட்டிகளுக்கும்கூட உண்டு. இங்கே ரிப்பன் மாணவிகளுக்கு மட்டுமே.

நான்காம் வாரம் இதைப் பயிற்றுநரிடம் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். அன்று வகுப்பு முடியும் வரை அவரே எங்களுக்குப் பின்னால் ஓட்டி வந்தார், ஆனால் அதனால் முன்னால் குழி சொல்ல ஆளில்லை. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கிறேன். சேர விரும்புவோர் ஹெல்மெட்டும் மாற்று டியூபும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். கடைசியில் யார் வருவார் என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.