மூல அலையை மறைக்காத பலகை: ஓப்பன்பிசிஐ சைட்டன் மதிப்புரை

ஒரு மென்பொருள் பயனருக்கு எவ்வளவு மனச்சுமை தருகிறது என்பதை அறிய, தகவல் அமைப்புத் துறையினர் நெடுங்காலம் வினாத்தாளையே நம்பியிருந்தார்கள். மூளை அலைகளையும் சேர்த்து அளக்கும் முயற்சி 2007-இல் 'நியூரோஐஎஸ்' என்று பெயர் பெற்ற பிறகு, கைக்கெட்டும் விலையில் நம்பத்தக்க கருவி எது என்ற கேள்வி சிறு ஆய்வகங்களின் முன் நிற்கிறது. வேலூரில் எங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்திவரும், மூளை அலைகளைப் பதியும் மின்சுற்றுப் பலகையான ஓப்பன்பிசிஐ நிறுவனத்தின் சைட்டனைப் பற்றி, வாங்கும் எண்ணமுள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

உள்ளங்கையில் அடங்கும் இப்பலகையில், தலையின் வெவ்வேறு இடங்களின் அலையைத் தனித்தனியே பதியும் 8 தடங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நொடிக்கு 250 முறை, 24 பிட் நுட்பத்தில் மின்னழுத்தம் பதிவாகி, கம்பியில்லாமல் கணினிக்கு வந்து சேர்கிறது. விலை குறைந்த தலைப்பட்டைகளில் சில, 'கவனம்' என்று 1 முதல் 100 வரை ஓர் எண்ணைக் காட்டுகின்றனவே தவிர, அதை எப்படிக் கணக்கிட்டன என்பதை வெளியிடுவதில்லை. அந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதும் மாணவரிடம் 'இது எதை அளக்கிறது?' என்று தேர்வாளர் கேட்டால் அவரால் விடை சொல்ல இயலாது. சைட்டனோ மைக்ரோவோல்ட் அளவிலான மூல அலையை, அதாவது எண்ணாகச் சுருக்காத பதிவை, அப்படியே தருகிறது. அதன் மென்பொருளும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. என் மதிப்பில் இதற்காகவே வாங்கலாம்.

பின்மண்டையில் ஓ1, ஓ2 எனக் குறிக்கப்படும் இடங்களில் பசை வைத்துக் கிண்ண மின்முனைகளைப் பதித்து, மாணவியைக் கண்மூடச் சொன்னால், அதுவரை ஒழுங்கின்றி நெளிந்துகொண்டிருந்த கோடு சில நொடிகளில் சீராக ஏறி இறங்கத் தொடங்கும். அலைவெண் வரைபடத்தில் 10 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு எழும். கண் திறந்ததும் படுத்துவிடும். ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட ஆல்ஃபா அலை இதுதான். வகுப்பில் இதை ஒருமுறை காட்டிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

நம் ஊருக்கென்று சில முன்னேற்பாடுகள் வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் மின்முனை சரியாகப் பற்றாது; ஆகவே, தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரும்படி முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அக்கினி நட்சத்திர நாள்களில் வியர்வை கசிந்து அலையின் அடிக்கோடே மெல்ல நகர்வதால், குளிரூட்டிய அறை இல்லாமல் அளவீட்டைத் தொடங்காதீர்கள். மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சலை நீக்கும் வடிகட்டியை 60-இல் அல்லாமல், நம் மின்சாரத்துக்குரிய 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். பலகையை மின்கலத்திலேயே இயக்குங்கள். மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள்.

டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் வேலூரின் பாகாயத்தில் இருப்பதால், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு இது உதவுமா என்று இங்கே பலரும் கேட்கிறார்கள். மூளை அலையைக் கொண்டே எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் முறை 1988-இலேயே செய்து காட்டப்பட்டது. அதைச் சைட்டனிலும் செய்து பார்க்கலாம். ஆனால் இது மருத்துவக் கருவியன்று. ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை இதன்மேல் ஏற்றுவது தவறு. அதைச் சொல்லாமல் செயல்விளக்கம் நடத்தவும் கூடாது.

மூளையின் எப்பகுதியிலிருந்து அலை எழுகிறது என்று நுட்பமாக ஆராய 8 தடங்கள் போதா. சுங்க வரியும் சேர்ந்தால் செலவு லட்ச ரூபாயைத் தாண்டும். மின்முனைக் கம்பிகள் விரைவில் தேய்வதால் கூடுதலாக ஒரு தொகுதியையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.