வீல்சேர் தள்ளும் நடைக்குக் கணக்கில்லை: மூன்று வருட ஸ்மார்ட் வாட்ச் அனுபவம்

போன சனிக்கிழமை, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வாட்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டு வந்தேன். 700 ரூபாய். அதே வாரம் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "நீ கட்டியிருக்கியே, அதே மாடல் இப்ப 1,800க்கு வந்திருக்குடி. வாங்கலாமா?" நான் 2022 ஆகஸ்டில் 3,500 கொடுத்து வாங்கியது. வாங்கு, வாங்காதே என்று ஒரு வரியில் பதில் போட நினைத்தேன். முடியவில்லை. சொல்ல நிறைய இருக்கிறது, அதில் பாதி கோபம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

திரை எவ்வளவு பெரிசு, எத்தனை விளையாட்டு மோட் இருக்கிறது என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கும், அதை விட்டுவிடுகிறேன். மூன்று வருடம் தினமும் கையில் இருந்த பொருளைப் பற்றி அதில் இல்லாததைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நல்லது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அலாரம். அம்மாவும் நானும் ஒரே அறையில் படுக்கிறோம். அம்மாவுக்குக் கோழித் தூக்கம். செல்போன் அலாரம் ஒரு தடவை அடித்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார், அப்புறம் தூக்கம் வராது. இந்த வாட்ச் 4:45க்கு மணிக்கட்டில் மெதுவாக அதிரும். சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டு எழுப்புவது போல இருக்கும். எழுந்து, பால் காய்ச்சி, குளித்து முடித்தும் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். அந்த முக்கால் மணி நேரம் எனக்கே எனக்கென்று கிடைப்பது இந்த வாட்சால்தான். வேறு எதற்குமே பயன்படாமல் போயிருந்தாலும் இதற்காகவே 3,500 கொடுத்திருப்பேன்.

இன்னொன்று, ஓய்வில் இருக்கும்போது காட்டுகிற நாடித்துடிப்பு. எனக்குப் பெரும்பாலும் 66, 67 இருக்கும். 2023 நவம்பர் மழையில் ஒரு நாள் காலை 75 காட்டியது, மறுநாள் 79. தூக்கம் கெட்டதால் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 கூடும் என்று டாக்டர் அப்போது சொன்னார். நெற்றியில் கை வைத்தால் தெரியாத சூடு கூட நாடியில் தெரிந்திருக்கலாம். அதிலிருந்து காலையில் அந்த எண்ணைப் பார்க்காமல் விடுவதில்லை. ஆக்சிஜன் அளவை மட்டும் நம்ப வேண்டாம். கொரோனா சமயத்தில் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் கருவி 98 காட்டுகிற அதே நிமிடத்தில் வாட்ச் 92 என்றும் காட்டும், 97 என்றும் காட்டும். விரல் கருவி ஒளியை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஊடுருவ விட்டு அளக்கிறது. வாட்ச், தோலில் பட்டுத் திரும்பி வருகிற ஒளியை வைத்துக் கணக்குப் போடுகிறது. பட்டை கொஞ்சம் தளர்ந்தாலே போதும், எண் மாறிவிடும்.

இனி கோபத்துக்கு வருகிறேன்.

2024 பிப்ரவரியில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, இப்போது வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறார். வெளியே போவதென்றால் வீல்சேர்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால் தினமும் பெசன்ட் நகர் பீச்சுக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போகிறேன். நடைபாதையில் இரு சக்கர வண்டிகள் ஏறாமல் இருக்க நட்டிருக்கும் கம்பிகளுக்கு நடுவே வீல்சேரும் நுழையாது, அதனால் சாலை ஓரமாகவே போவேன். ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நிறுத்துவேன். அம்மா கடலைப் பார்ப்பார். அப்புறம் திரும்புவோம். முதல் நாள் வீட்டுக்கு வந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, மூச்சு வாங்க உட்கார்ந்து கையைப் பார்த்தேன். 312 ஸ்டெப்ஸ்.

வாட்ச் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் சோதித்தேன். வீல்சேரைத் தள்ளிக்கொண்டே, ஒவ்வொரு நூறுக்கும் ஒரு விரலை மடக்கி, சரியாக 1,000 காலடி எண்ணினேன். வாட்ச் 74 காட்டியது. அதே தூரத்தை மாலையில் தனியாகக் கை வீசி நடந்தபோது 1,000க்கு 1,012. ஆக வாட்ச் நன்றாகத்தான் இருக்கிறது.

காரணம் எளிது. இந்த வாட்சுக்கு நம் கால் தெரியாது, கைதான் தெரியும். உள்ளே அசைவை அளக்கிற சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது. கை முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் ஆடினால் அதை நடை என்று எண்ணும். வீல்சேரின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கும்போது மணிக்கட்டு ஆடாது. ஆடாவிட்டால் நடக்கவில்லை என்று அர்த்தம். சமையலறையில் ஒரு மூடி தேங்காய் துருவிவிட்டுப் பார்த்தால் 140 ஸ்டெப்ஸ் ஏறியிருக்கும், ஏனென்றால் கை ஆடுகிறதே.

தெரியாமல் செய்கிற தப்பு என்றால் மன்னித்துவிடலாம். 'வெளி நடை' மோடைப் போட்டு, தூரத்தை அளக்கப் போனையும் கூடவே எடுத்துக்கொண்டு ஒரு நாள் போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தூரம் 2.6 கிலோமீட்டர், சராசரி நாடித்துடிப்பு 118, ஸ்டெப்ஸ் 190. ஒரு காலடிக்கு 13 மீட்டருக்கு மேல் வருகிறது! தூரம் போயிருக்கிறேன் என்று அதற்குத் தெரிகிறது, இதயம் வேகமாக அடித்திருக்கிறது என்றும் தெரிகிறது. மூன்று எண்ணையும் ஒரே திரையில் போட்டுவிட்டு, அவை ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்று மட்டும் அதற்குத் தோன்றுவதில்லை. அந்தக் கம்பெனிக்கு இரண்டு தடவை எழுதினேன். 'கையை இயல்பாக வீசி நடக்கவும்' என்று பதில் வந்தது.

விலை கூடிய ஆப்பிள் வாட்சில் 2016லிருந்தே வீல்சேரில் இருப்பவர்களுக்கென்று தனி வசதி இருக்கிறது. தாமே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு, காலடிக்குப் பதிலாக அந்தத் தள்ளலை எண்ணும். நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் நான் வாங்கியது போன்ற வாட்சைச் செய்கிறவர்களுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறவர்கள் ஏன் கண்ணிலேயே படவில்லை? குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டுவருகிற தள்ளுவண்டிக்காரர் காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை நடக்கிறார். அவர் கையில் இந்த வாட்சைக் கட்டினால், நாள் முழுக்க அவர் சும்மா நின்றதாகக் காட்டும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பீச்சிலிருந்து திரும்பி, வீல்சேரை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச் அதிர்ந்தது. 'நீண்ட நேரமாக அசையவில்லை, எழுந்து நடங்கள்' என்ற அர்த்தத்தில் ஒரு செய்தி. நான் சலித்துக்கொண்டதைக் கேட்டு அம்மா, "என்னடி சொல்லுது அது?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னைத் தள்ளினது கணக்கே இல்லையா? அப்படின்னா நாளைக்கு என்னை விட்டுட்டுப் போ. நீ நல்லா கை வீசி நட. உன் உடம்பையும் நீ பாத்துக்கணுமில்ல" என்றார். அன்றைக்குக் கழற்றி அலமாரியில் வைத்த வாட்சை ஒன்பது நாள் தொடவில்லை. அலாரம் இல்லாமல் முடியவில்லை என்பதால்தான் மறுபடி கட்டினேன்.

அம்மாவிடம் சொல்வதற்காகவே, நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1965இல் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டுகிற காலடிமானி ஒன்றை விற்றது. பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் காலடி அளவி. விற்பதற்காக வைத்த அந்தப் பெயரிலிருந்து கிளம்பிய எண்தான் இன்று நம் எல்லோர் மணிக்கட்டிலும் இலக்காக உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள ஏறக்குறைய 17,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. நாளுக்கு 2,700 காலடி வைத்தவர்களைவிட 4,400 வைத்தவர்களிடையே இறப்பு நன்றாகவே குறைவு. ஏறக்குறைய 7,500க்கு மேல் போனால் பலன் மேற்கொண்டு கூடவில்லை. உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று நிமிடத்தில்தான் சொல்கிறது, காலடியில் சொல்லவில்லை. நிமிடம் என்றால், அம்மாவைத் தள்ளுகிற ஐம்பது நிமிடமும் எனக்குக் கணக்கில் வரும். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நான் உனக்கு வாரத்துக்கு முந்நூறு நிமிஷம் குடுக்கறேன்னு சொல்லு" என்றார். நம்பிவிட்டார். மறுநாள் அவரே முதலில் செருப்பை எடுத்துத் தரச் சொன்னார்.

ஆனால் ஊர் நிமிடத்தில் பேசுவதில்லை. 2023இல் தமிழக அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற 8 கிலோமீட்டர் நடைத் திட்டம் வந்த பிறகு எங்கள் பக்கம் காலைக் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. நல்லதுதான். அருகம்புல் சாறு விற்கிறவரிடம் நிற்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள். "இன்னிக்கு எவ்ளோ?" என்பதுதான் குட்மார்னிங். எங்கள் அலுவலகத்தில் போன வருடம் ஸ்டெப்ஸ் போட்டி வைத்தார்கள், முப்பது நாள். தினமும் பட்டியல் வரும். என் பெயர் கடைசி மூன்றுக்குள்ளேயே இருந்தது. "அம்மாவை விட்டு நகர முடியலை இல்ல, பாவம்" என்றார் ஒருவர், அன்பாகத்தான். அந்த மாதம் என் வாழ்க்கையிலேயே அதிகமாக நடந்த மாதம்.

மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கூட வந்த சிலிக்கோன் பட்டைக்கு அடியில் சித்திரை வெயிலில் வியர்வை தேங்கி அரிப்பு வந்தது. 250 ரூபாய்க்கு நைலான் பட்டை வாங்கி மாட்டினேன், சரியாகிவிட்டது. இரவில் அம்மாவுக்காக இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கிறேன், அதற்குத் தூக்க மதிப்பெண் 54 என்று போடும். அந்தப் பகுதியை அணைத்துவிட்டேன். ஒரு வாரம் நின்ற சார்ஜ் இரண்டாம் வருடத்தில் மூன்று நாளாகி, கடைசியில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. சர்வீஸ் சென்டரில் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் பின்மூடியைச் சூடு காட்டிப் பிரித்து, இருபது நிமிடத்தில் புது பேட்டரி வைத்துக் கொடுத்தார். "பழைய பசை மாதிரி இருக்காதும்மா, தண்ணியில விடாதீங்க" என்று அவரே நேர்மையாகச் சொன்னார். இப்போது பாத்திரம் கழுவும்போது கழற்றி வைக்கிறேன். சார்ஜ் ஐந்து நாள் நிற்கிறது.

காலடிக் கணக்குக்கு நானே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. தள்ளும்போது வாட்சைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். தொடை அசைவை அது நடையாக எடுத்துக்கொள்கிறது. மறுபடி 1,000 எண்ணிப் பார்த்தேன், 961 காட்டியது. நாடித்துடிப்பு அப்போது பதிவாகாது. ஆக இதில் ஒன்று கிடைத்தால் இன்னொன்று கிடைக்காது.

சரி, தோழிக்கு என் பதில். அலாரத்துக்கும் நாடித்துடிப்புக்கும் 1,800 ரூபாய் தாராளமாகத் தகும். மூன்று வருடம் உழைத்திருக்கிறது, நானே 700 செலவழித்து உயிர் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் இன்று கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். உன் மாமியாரைத் தினமும் சாயங்காலம் கை பிடித்துப் பார்க்குக்குக் கூட்டிப் போகிறாய். அவருக்காக எவ்வளவு மெதுவாக நடக்கிறாய் என்று நான் பார்த்திருக்கிறேன். அந்த நடையை இது எண்ணாது. எண்ணவில்லை என்பதை அவரும் ஒரு நாள் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அப்படியும் வாங்கினால், சுடிதார் தைக்கக் கொடுக்கும்போது பேன்ட்டில் வலது பக்கம் ஒரு பாக்கெட் வைக்கச் சொல். எங்கள் தெரு டெய்லர் 40 ரூபாய்தான் கூட வாங்கினார். ஆழமாக வைக்கச் சொல். என்னுடைய முதல் பாக்கெட் ஆழம் போதாமல், பீச் ரோட்டில் வாட்ச் இரண்டு தடவை கீழே விழுந்தது.