உதகைக் குளிரில் லிப்பிட் படலங்களை அளத்தல்: ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியுடன் நீண்ட கால அனுபவம்

உயிரணுச் சவ்வுகளின் அடிப்படையான லிப்பிட் என்னும் கொழுப்புப் பொருளாலான மெல்லிய படலங்களின் வளைவு விறைப்பை, அதாவது வளைவதற்கு அவை காட்டும் எதிர்ப்பை, அளப்பதற்காக, உதகமண்டலத்திலுள்ள எங்கள் ஆய்வகத்தில் நிறமற்ற பொருள்களையும் சாயமின்றித் தெளிவாகக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 10 மைக்ரோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள, லிப்பிட் படலத்தாலான, கரைசல் நிறைந்த நுண்பைகளின் விளிம்பு வெப்ப ஆற்றலால் இடைவிடாது நடுங்குகிறது. அதை ஆயிரக்கணக்கான படங்களாகப் பதிந்து, 1973இல் இயற்பியலாளர் ஹெல்ஃப்ரிச் வகுத்த வளைவு ஆற்றல் கோட்பாட்டின்படி நடுக்கத்தின் வீச்சிலிருந்து விறைப்பைக் கணக்கிடுகிறோம். நுண்பைக்குள் சுக்ரோஸும் வெளியே குளுக்கோஸும் இருப்பதால் ஒளிவிலகல் எண் வேறுபட்டு விளிம்பு தெளிவாகத் தெரிகிறது என்பதோடு, கனமான பை அடியில் அமர்ந்து நகராமலும் இருக்கிறது.

இங்கே மிகுந்த கவனம் கேட்பது வெப்பநிலைதான். டி.எம்.பி.சி. என்னும் லிப்பிட் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் கூழ் நிலையிலிருந்து நீர்ம நிலைக்கு மாறுகிறது. சமவெளியில் அறை வெப்பநிலையிலேயே நீர்மமாக இருக்கும் அது, 20 டிகிரியைக்கூட அரிதாகவே எட்டும் எங்கள் அறையில் நடுக்கமே காட்டாமல் விறைத்து நிற்கும். அதைவிடச் சிக்கலானது இந்த நிலைமாற்ற வெப்பநிலையை ஒட்டிய பகுதி. அங்கே படலம் வழக்கத்துக்கு மாறாக இளகுவதால், ஓரிரு டிகிரி வேறுபாடே முடிவைப் புரட்டிவிடும். எனவே வெப்பக் கட்டுப்பாட்டு மேடையை எந்தக் கேமராவைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன். எண்ணெய் தொட்டுப் பயன்படுத்தும் பொருளருகு லென்ஸ் மாதிரியின் சூட்டை உறிஞ்சிவிடுமாதலால், லென்ஸுக்கும் தனியே சூடேற்றும் வளையம் வேண்டும். மேடையின் திரையில் தெரியும் எண்ணை நம்பாமல், மாதிரிக்குள்ளேயே மெல்லிய வெப்ப உணரியை வைத்துப் பார்ப்பதே சரி. பி.ஓ.பி.சி. போன்று பூஜ்ஜியத்துக்குக் கீழே மாறும் லிப்பிடுகளுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் லென்ஸில் பூஞ்சை படரும். கழற்றிய லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைக்கிறோம்.

கேமராவில் ஒளிபடும் நேரம் குறுகியதாக இருக்க வேண்டும். நீண்டால் விளிம்பிலுள்ள சிற்றலைகளின் விரைவான அசைவு மங்கி, விறைப்பு உண்மையைவிட அதிகமாகத் தோன்றும். நீண்ட அலைகளில் பரப்பு இழுவிசையின் பங்கு கலந்திருப்பதால், கணக்கிடும்போது அதையும் சேர்த்தே பொருத்திப் பார்க்க வேண்டும். இவற்றைச் சரிசெய்துவிட்டால் இந்தக் கருவி எனக்கு முழு மனநிறைவு தருகிறது. ஆனால் படலத்தின் பரப்பு நீட்சிக் கெழுவை, அதாவது பரப்பை விரிக்கும் இழுவைக்கு அது காட்டும் எதிர்ப்பை, இம்முறை தராது. அது தேவைப்படுவோர் நுண்பையை உறிஞ்சி இழுக்கும் மைக்ரோபிப்பெட் அமைப்பை இதே நுண்ணோக்கியில் பொருத்திக்கொள்ளலாம்.