புல்லட் ஆயில் பிரஷர்: கெட்டி ஆயிலா, ஸ்பிரிங் வாஷரா, பெரிய பம்பா, டிஸ்க் தேய்ப்பா?

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற எங்கள் ஊர்க் காவடிக் கூட்டத்துக்குப் பின்னால், குன்றக்குடியிலிருந்து தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு புல்லட்டை உருட்டியபடியே போனேன். ஆள் நடக்கிற வேகம், பெரும்பாலும் முதல் கியர். காற்று பட்டுத்தான் சூடு தணிய வேண்டிய எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சிங்கம்புணரி தாண்டி மோர் குடிக்க நிறுத்தியபோது, ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

வண்டி எங்கள் அப்பச்சி ஓட்டிய பழைய இரும்பு பேரல் 350. கேஜ் நான் மாட்டியது. எஞ்சின் தலையில் வால்வுகளை அமுக்குகிற ராக்கருக்குப் போகிற ஆயில் பைப்பின் பேஞ்சோ போல்ட்டில் (உள்ளே ஆயில் ஓடத் துளையுள்ள போல்ட்) துளை போட்டு மறை வெட்டிக் கொடுத்தது காரைக்குடி லேத் பட்டறை. கேஜ் மாட்டாமலே இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், அது வேறு விஷயம்.

ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கெட்டி ஆயில் ஊற்று என்றார் ஒருவர். பிரஷர் ஏற ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வை என்றார் இன்னொருவர். ஆன்லைனில் பெரிய பம்ப் வாங்கிப் போடுங்கண்ணே என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி. ஆயில் பம்புக்குள் இருக்கிற டிஸ்க்கைத் தேய்த்து உட்கார வை, மற்றதெல்லாம் அப்புறம் என்றார் மெக்கானிக் அண்ணன்.

அதற்கு முன் ஒன்று. பம்ப் தள்ளுவது ஆயிலை மட்டும்தான். போகிற வழியில் அந்த ஆயிலுக்குக் கிடைக்கிற தடைதான் பிரஷர். தேய்மானத்தில் இடைவெளி அகண்டால் முள் இறங்கும், சூட்டில் ஆயில் நீர்த்தாலும் இறங்கும். 1000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 1000 சுற்று) 10 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அது கிராங்க் முழுக்க ஷெல் பேரிங்கில் (ஆயில் படலத்தின் மேல் மிதக்கிற வழவழப்பான பேரிங்) ஓடுகிற கார் எஞ்சின்களுக்கானது. பழைய புல்லட்டில் கிராங்க்கைத் தாங்குவது பாலும் ரோலரும், பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேருகிற முனை) மட்டும் ஃப்ளோட்டிங் புஷ், அதாவது ஆயிலில் மிதந்தபடி சுழல்கிற உலோக வளையம். சூடான பிறகு ஒற்றை இலக்க பிஎஸ்ஐயிலேயே காலம் தள்ளுகிற எஞ்சின் அது, அதனால் கார்க்காரர் சொல்கிற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்.

சரி, கெட்டி ஆயில். இருப்பதிலேயே மலிவு, அரைமணி நேர வேலை, பலனும் உடனே முள்ளில் தெரியும். 20டபிள்யூ-50 என்பதில் கடைசி 50 என்பது 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கான எண்: 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை. 40 கிரேடு என்றால் 12.5 முதல் 16.3 வரை, 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. போன சர்வீஸில் ஒரு பட்டறையில் என் வண்டிக்கு 15டபிள்யூ-40 ஊற்றியிருக்கிறார்கள், பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. 20டபிள்யூ-50க்கு மாற்றியதும் முள் கொஞ்சம் எழுந்தது. அப்படியானால் இன்னும் கெட்டியாக ஊற்றலாமே என்று தோன்றும். முறுக்கு பிழிந்தவர்களுக்கு இது புரியும்: மாவு கெட்டியாக இருந்தால் கை வலிக்க வலிக்க அமுக்க வேண்டும், ஆனால் அச்சிலிருந்து இறங்குவது குறைவு. கை வலிதான் கேஜில் தெரிகிற எண், புஷ்ஷுக்குப் போய்ச் சேர்வது அச்சிலிருந்து இறங்குகிற மாவு. காலையில் முதல் உதை உதைத்ததும் மேலே ராக்கர் வரை ஆயில் ஏற நேரமாகும். கம்பெனி சொன்ன கிரேடுக்குத் திரும்புவது வைத்தியம், அதைத் தாண்டிப் போவது முள்ளுக்கு மேக்கப் போடுகிற வேலை.

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய புல்லட்டில் கிளட்ச்சுக்குத் தனி அறை, தனி ஆயில். உங்கள் வண்டியில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில், அதனால் ஜாசோ எம்ஏ முத்திரை (ஆயிலில் நனைந்தபடி ஓடுகிற கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி) இல்லாத கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. கம்பெனி ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30 என்று சொன்னால் அதுவேதான் ஊற்ற வேண்டும்.

அப்புறம் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இந்த நாலு வைத்தியமுமே வீண். பெட்ரோல் டேப்பை மூடாமல் விட்டு, கார்புரேட்டர் ஃப்ளோட் ஊசியும் சரியாக அடைக்காவிட்டால் ராத்திரி முழுக்க பெட்ரோல் உள்ளே இறங்கி ஆயிலைத் தண்ணீராக்கிவிடும்.

ஸ்பிரிங் வாஷர் யோசனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ரிலீஃப் வால்வு (அதிகப் பிரஷரை வெளியே விடுகிற, ஸ்பிரிங் வைத்த வால்வு) உள்ள எஞ்சின்களில் அந்த வால்வு திறப்பதே பிரஷர் எல்லை மீறும்போதுதான். சூடான ஐடிலில் அது மூடித்தான் கிடக்கும். மூடியிருக்கிற கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்? குளிர்ந்த எஞ்சினில், ஆயில் கெட்டியாக இருக்கும்போது மட்டும் எண் எகிறும், சீல்தான் அடி வாங்கும். பழைய புல்லட்டில் ஸ்பிரிங் என்றால் பம்ப் டிஸ்க்கை அமுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங்தான். அது தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள், வாஷர் வேண்டாம்.

பெரிய பம்ப் உண்மையிலேயே அதிக ஆயில் தள்ளும், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த எஞ்சினில் ஒரு பம்ப் எஞ்சினுக்குள் ஆயிலை அனுப்புகிறது, இன்னொன்று அடியில் சேர்வதைத் திருப்பி இறைக்கிறது. அனுப்புவதை மட்டும் பெரிதாக்கினால் கிராங்க் அறையில் ஆயில் தேங்கி, புகை கக்கிக்கொண்டு போவீர்கள். மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய பம்ப் ஏன் தோற்றது என்று பார்க்காமல் அவ்வளவு செலவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அண்ணன் சொன்னதையே செய்தோம். பம்ப் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்தால் ஒரு சின்ன வட்ட டிஸ்க். அது ஆடி ஆடித்தான் துளைகளைத் திறந்து மூடுகிறது. முகத்தில் மார்க்கர் மையைப் பூசி, திரும்ப வைத்து இரண்டு திருகு திருகி எடுத்தார். சரியாக உட்கார்ந்திருந்தால் மை சுற்றிலும் ஒரே மாதிரி அழிந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு பக்கம் பிறை நிலா மாதிரி மட்டுமே அழிந்திருந்தது. மீதி வழியாகத்தான் ஆயில் கசிந்திருக்கிறது. ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கிற இடத்திலிருந்து ஓரம் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி வந்தேன். அந்தக் கல்லின் மழமழப்பே கண்ணாடி மேல் வார்ப்பதால் வருவது, அதன் மட்டத்தை நம்பலாம். அதன்மேல் நைஸ் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, எட்டு போடுகிற மாதிரி டிஸ்க்கைத் தேய்த்தோம். பிறகு அது உட்கார்கிற இடத்திலேயே வைத்துத் திருகினோம். மை முழு வட்டமாக அழிய ஒன்றரை மணி நேரம் ஆனது. பேஸ்ட் ஒரு துளி உள்ளே தங்கினாலும் புஷ்ஷை அரித்துவிடும் என்று அண்ணன் மூன்று முறை மண்ணெண்ணெயில் கழுவினார். டைமிங் கவருக்குள், கிராங்க் முனையில் ஆயில் நுழைகிற இடத்துக் கார்க் சீல் கருகியிருந்தது, அதையும் மாற்றினோம். ஃபில்டர் அறையை ஆயிலால் நிரப்பி, ராக்கர் பைப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு உதைத்தால், சற்று நேரத்தில் ஆயில் விரலில் வழிந்தது.

திருமயம் வரை போய் வந்து நிறுத்தினேன். சூடான ஐடிலில் முள் 3 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 9. திரும்பவும் இறங்கினால் கிராங்க்கைப் பிரித்து ஃப்ளோட்டிங் புஷ்ஷைப் பார்ப்பேன். பெரிய பம்ப் பற்றிய பேச்சு அதற்கும் பிறகுதான், தம்பி இன்னும் லிங்க் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.