நாய்க்கு ஹைட்ரோலைஸ்டு ஃபுட்: ஒரு வருஷத்துக்கு மேல பார்த்ததுல சொல்றேன்

எங்க மணி, ஆண் லேப்ரடார், அஞ்சு வயசு. மாசக்கணக்கா விட்டு விட்டு லூஸ் மோஷன். டாக்டர் எழுதிக் குடுத்த ராயல் கேனின் ஹைப்போஅலர்ஜெனிக்ல (இதுதான் ஹைட்ரோலைஸ்டு ஃபுட், அதாவது புரோட்டீன உடைச்சு செஞ்சது) ஆரம்பிச்சு இப்போ வரைக்கும் நடந்தத எழுதறேன். வாங்கலாமான்னு கேக்கறவங்க எல்லாரும் "நின்னுச்சா"ன்னு மட்டும்தான் கேக்கறாங்க. நின்னுச்சுங்க, ஆனா அது பாதிதான்.

அவனுக்கு வந்தது தண்ணியா கொட்டற பேதி இல்ல. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி, முக்கி முக்கிப் போவான், வழவழன்னு சளி, சில நாள் கடைசில ஒரு சொட்டு ரத்தம். பசி குறையல, எடை குறையல, பந்தப் பார்த்தா அதே வெறி. இதெல்லாம் பெருங்குடல் பக்கத்து அடையாளமாம். நிறைய நிறையப் போயி உடம்பும் இளைச்சா சிறுகுடல் பக்கம் பார்க்கணும், அதுக்கு பி12, கணையத்துக்கு டிஎல்ஐன்னு தனி ப்ளட் டெஸ்ட் இருக்கு. டாக்டர்கிட்ட போகும்போது போட்டோ எடுத்துட்டுப் போங்க, நாம வாயால சொல்றத விட அதுல நிறைய தெரியும் (என் போன் கேலரிய யாருக்கும் காட்ட முடியாது, அது வேற கதை).

நேரா ஃபுட்ட மாத்தல. முதல்ல மோஷன் டெஸ்ட், அதுவும் வேற வேற நாள் சாம்பிள், ஏன்னா ஜியார்டியாங்கற குடல் ஒட்டுண்ணி தினமும் வெளிய வராது, ஒரு நெகட்டிவ் வந்துட்டா இல்லன்னு ஆகிடாது. டிவார்மிங் ஆச்சு. மெட்ரோனிடசோல்னு ஒரு ஆன்டிபயாடிக் குடுத்தப்ப நின்னுச்சு, கோர்ஸ் முடிஞ்சதும் பழையபடி. ரத்தத்துலயோ எச்சில்லயோ ஃபுட் அலர்ஜி டெஸ்ட் எடுத்துடலாமான்னு நான்தான் கேட்டேன், அது நம்பற மாதிரி இல்ல, காசு வேஸ்ட்னு டாக்டர் ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. சாப்பாட்டாலதான்னு கண்டுபிடிக்க இன்னிக்கும் ஒரே வழி சாப்பாட்ட மாத்திப் பார்க்கறதுதான், அதத்தான் ட்ரயல்னு சொல்றாங்க.

இந்த ஃபுட்ல முக்கியமா இருக்கறது சோயா புரோட்டீன், அத சின்னச் சின்னத் துண்டா உடைச்சு வச்சிருக்காங்க, உடம்போட எதிர்ப்பு சக்திக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு. இதே மாதிரி இன்னொரு கம்பெனி ஃபுட்டான ஹில்ஸ் இஸட்/டி-ல உடைச்சது கோழி ஈரல், எங்களுக்கு சந்தேகமே கோழி மேலதான், அதனால அது வேண்டாம்னு முடிவு. கடைல சும்மா கிடைக்கற லிமிடெட் இன்கிரீடியன்ட் (கொஞ்சப் பொருள் மட்டும் சேர்த்ததுன்னு விக்கற) பாக்கெட்டும் இதுக்கு ஆகாது, லேபிள்ல இல்லாத இறைச்சி உள்ள இருக்கறது ஆய்வுகள்லயே தெரிய வந்திருக்கு.

விலை அதிகம், சாதா கிபிள் (உலர்ந்த நாய் சாப்பாடு) வாங்கிப் பழகினவங்களுக்கு பில்லப் பார்த்தா பகீர்னு இருக்கும். ஆனா கஷ்டம் விலை இல்ல, வீடு! அம்மா தட்டுல மிச்சம் இருக்கற தயிர் சாதத்த ஒரு உருண்டை போடுவாங்க, வாட்ச்மேன் அண்ணன் டீக்கடைப் பொறை போடுவாரு, பக்கத்து வீட்டுப் பாப்பா பிஸ்கட். ட்ரயல் நடக்கும்போது இதுல எது உள்ள போனாலும் அதுக்கப்புறம் வர்ற ரிசல்ட்ட நம்ப முடியாது. கேட்லயே ஒரு அட்டை எழுதி மாட்டினோம். பூச்சி மாத்திரை, உண்ணி மாத்திரையெல்லாம் கடிச்சுத் திங்கற மாதிரி பீஃப் ஃப்ளேவர்ல வருது இல்லையா, அதையும் டாக்டர்கிட்ட சொல்லி ஃப்ளேவர் இல்லாததுக்கு மாத்திக்கிட்டோம், இத நிறைய பேரு யோசிக்கறதே இல்ல.

வயித்துப் பிரச்சனைக்கு பொதுவா ரெண்டு வாரத்துக்குள்ள மாற்றம் தெரியும், தோல் அரிப்புன்னா எட்டு வாரம் வரைக்கும் பொறுக்கணும். மணிக்கு ரெண்டாவது வாரமே கையால எடுத்துப் போடற அளவுக்கு கெட்டியா வந்துச்சு.

இங்கதான் எல்லாரும் ட்ரயல நிறுத்திடறாங்க, சரியாயிடுச்சேன்னு வருஷம் பூரா அதே விலை உள்ள பாக்கெட்டயே வாங்கிட்டு இருக்காங்க. பழைய சாப்பாட்ட திரும்பக் குடுத்து, திரும்ப வருதான்னு பார்த்தாத்தான் சாப்பாடுதான் காரணம்னு உறுதி. நல்லா இருக்கற நாய்க்கு வேணும்னே வயித்தக் கெடுக்கறதான்னு வீட்ல பெரிய சண்டை. இருந்தாலும் வேகவச்ச கோழி, உப்பு மசாலா எதுவும் இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா குடுத்தோம். ரெண்டு மூணு நாள்ல அதே சளி. நிறுத்தினதும் அடங்கிடுச்சு. அப்புறம் இடைவெளி விட்டு தயிர், ஒண்ணும் ஆகல. கோதுமை, ஒண்ணும் ஆகல. ஆக இத்தன நாளா திட்டு வாங்கின தயிர் சாதத்து மேல தப்பே இல்ல, அம்மா இன்னும் அதச் சொல்லிக் காட்டறாங்க.

இப்போ அவன் சாப்பிடறது மீன் கிபிள், ஹைட்ரோலைஸ்டு நிறுத்தியாச்சு. ஆனா முன்னாடி மீன் படம் போட்டு, பின்னாடி பொடி எழுத்துல சிக்கன் மீல், சிக்கன் ஃபேட்னு இருக்கற பாக்கெட் ஏகப்பட்டது, திருப்பிப் படிக்காம வாங்காதீங்க. வீட்லயே சமைச்சுப் போடறது ட்ரயலுக்கு ஓகே, இதுவரைக்கும் திங்காத ஒரே ஒரு இறைச்சி, கூட பரங்கிக்காய் மாதிரி ஒண்ணு. ஆனா வருஷக்கணக்கா அதையே போட்டா கால்சியம் பத்தாது, அதுக்கு டாக்டர் கணக்குப் போட்டுக் குடுக்கணும்.

குட்டி நாய்க்கு ரத்தப் பேதின்னாலோ, வாந்தி நிக்காம சோந்து கிடந்தாலோ இந்த ட்ரயல் கதையெல்லாம் அப்புறம், அன்னிக்கே தூக்கிட்டு ஓடுங்க, பார்வோங்கற வைரஸ் நோயா கூட இருக்கலாம்.

முட்டை மட்டும் இன்னும் டெஸ்ட் பண்ணல. தீபாவளி போகட்டும்னு வச்சிருக்கோம், வெடிச் சத்தத்துக்கே அவனுக்கு வயிறு கலக்கும், அப்போ குடுத்தா முட்டையா பட்டாசான்னு தெரியாது.