வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்று சொல்லி 1,48,000 ரூபாய் வாங்கினார்கள், வீட்டுக்கு ஒன்றும் இல்லை: வீட்டுக்கடன் வாங்குவோர் கவனிக்கவும்

வீட்டுக்கடன் வாங்கப் போகிறவர்களும் சமீபத்தில் வாங்கியவர்களும் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்று சொல்லி எங்களிடம் 1,48,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டின் ஒரு செங்கலுக்குக்கூட அதில் காப்பீடு கிடையாது என்பது போன வாரம்தான் தெரியவந்தது. வயிறு எரிகிறது. இன்னொரு குடும்பம் இப்படி மாட்டக்கூடாது, அதனால்தான் எழுதுகிறேன். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகத் தருகிறேன்.

பெயர் எதுவும் போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. கடன் கொடுத்தது மதுரையில் கிளை வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கடன் நிறுவனம். பாலிசி கொடுத்தது அவர்களோடு கூட்டு வைத்திருக்கும் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். இவ்வளவு போதும்.

நாங்கள் ரொம்ப வருஷம் செல்லூரில் வாடகைக்கு இருந்தவர்கள். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அப்போது கட்டில் மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். அதனால் நகருக்கு வடக்கே, கண்மாயை ஒட்டிப் பிளாட் போட்ட இடத்தில் சொந்த வீடு முடிவானதுமே என் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "ஏங்க, வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டுருவோம்" என்பதுதான். அதாவது இன்சூரன்ஸை நாங்களாகத்தான் கேட்டோம். எதற்குக் கேட்கிறோம் என்பதையும் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டோம்.

எங்கள் ஃபைலைப் பார்த்த பையன் உசிலம்பட்டிப் பக்கம். அண்ணே, மதினி என்றுதான் பேசுவான். பத்திர நகல், வில்லங்கச் சான்று வாங்க வீட்டுக்கே வருவான், காபி குடிப்பான், என் மகளிடம் எந்த ஸ்கூல் என்று கேட்பான். 28 லட்சம் கடனுக்கு மற்ற இடங்களில் எல்லாம் இழுத்தடித்தபோது இவன்தான் முடித்துக் கொடுத்தான். அந்த நன்றி எங்களுக்கு உண்மையிலேயே இருந்தது. இன்சூரன்ஸ் பேச்சு வந்த அன்று அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரே தடவை கட்டிட்டீங்கன்னா போதும்ணே, லோன் முடியிற வரைக்கும் வீட்டப் பத்திக் கவலையே வேணாம். தீ, வெள்ளம், இடி எல்லாம் கவர் ஆயிரும்." என் மனைவி விடவில்லை. "மழைத்தண்ணி உள்ள வந்தாக்கூடவா தம்பி?" என்று திரும்பக் கேட்டாள். "அதுக்குத்தானே மதினி இன்சூரன்ஸே" என்றான். இவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 1,48,000 என்றான். அதிகமாக இருக்கிறதே என்றேன். "கையில இருந்து ஒரு ரூபா தர வேணாம்ணே, லோன்லயே சேத்துக்கலாம். இது போடலேன்னா மேல சாங்ஷன் ஆகாது" என்றான். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் சாங்ஷன் ஆகாது என்ற ஒரு சொல் போதாதா? கையெழுத்து அன்றைக்குக் கிளையில் ஒரு பெரிய கட்டு. போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி. தாளின் மேல்பாதியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அடுத்த தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தான். எல்லாம் ஆங்கிலம். பாலிசி புத்தகம் தபாலில் வரும் என்றான். இன்றுவரை வரவில்லை. கேட்டபோதெல்லாம் "பிரிண்ட்ல இருக்குண்ணே" என்ற ஒரே பதில்தான்.

இந்த ஐப்பசி மழையில் கண்மாய்த் தண்ணீர் தெருவுக்கு வந்து, வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு நின்றது. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி, தண்ணீர் மோட்டார் எல்லாம் போயிற்று. புது மர அலமாரி அடியில் உப்பிவிட்டது. சுவர்ப்பூச்சு விரலை வைத்தால் உதிர்கிறது. சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று போட்டோ எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் கடன் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது உங்க உயிருக்குப் போட்ட பாலிசி. நீங்க இறந்தாதான் க்ளெய்ம் வரும்" என்றார். வீட்டுக்கு என்று கேட்டேன். "நாங்க லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனி சார், வீட்டுக்கெல்லாம் நாங்க போடவே மாட்டோம்" என்றார்.

அன்றிலிருந்து நடையாய் நடக்கிறேன். பையன் போனை எடுக்கவில்லை. வேறு நம்பரிலிருந்து அடித்தபோது எடுத்து, மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். இப்போது வேறு கிளையாம். கிளை மேலாளர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு ஃபைலைத் திறந்து என் கையெழுத்தின் மேல் பேனாவை வைத்துத் தட்டினார். "படிச்சுட்டுத்தானே சார் போட்டிருப்பீங்க." காப்பீட்டு நிறுவனத்தில் கேட்டால், இது குரூப் பாலிசி, பாலிசிதாரர் கடன் நிறுவனம்தான், உங்களுக்கு இருப்பது வெறும் சான்றிதழ், அங்கே போய்க் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால், பாலிசி அவர்களுடையது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். ஆளுக்கு ஆள் கைவிரிக்கிறார்கள். 1,48,000 ரூபாயை வாங்கும்போது மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள்.

ரத்து செய்யுங்கள் என்றேன். ஆயுள் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. சிறிய பிடித்தம் போக மீதிப் பணத்தைத் தந்தே ஆக வேண்டும். "அந்த 30 நாள் எப்பவோ முடிஞ்சிருச்சு சார், மெயில்ல பாலிசி வந்திருக்குமே" என்றார்கள். எந்த மெயில்? விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்கு நேராக எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மெயில் முகவரி இருக்கிறது.

அதே தாளில் இன்னொன்றும் இருந்தது. உடல்நலக் கேள்விகள். சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக். நான் பல வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன். அந்தப் பையன் காபி குடித்த அதே மேஜையில்தான் மாத்திரை டப்பா இருக்கும், எனக்குச் சர்க்கரை போடாத காபி என்பதும் அவனுக்குத் தெரியும். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. காப்பீட்டுச் சட்டத்தின் 45வது பிரிவுப்படி, முதல் 3 வருஷத்துக்குள் ஏதாவது ஆனால், உண்மையை மறைத்தார் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. அப்படியானால் நாளைக்கே நான் செத்தால்கூட என் மனைவிக்கு இந்தப் பணம் வருமா என்பது சந்தேகம். வீட்டுக்கும் இல்லை, உயிருக்கும் நிச்சயம் இல்லை. அப்புறம் எதற்கு 1,48,000 ரூபாய்? இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள்.

1,48,000 என்பதும் அதோடு நிற்பதில்லை. கடனில் சேர்த்துவிட்டார்களே, 9 சதவீத வட்டி, 20 வருஷம். மாதம் சுமார் 1,330 ரூபாய் இதற்கென்றே தவணையில் போகிறது. முடியும்போது 3 லட்சத்து 19 ஆயிரம் கட்டியிருப்போம். ஆனால் பாலிசியின் காலம் 10 வருஷம்தான், அதிலும் காப்பீட்டுத் தொகை வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும். பாலிசி செத்த பிறகும் 10 வருஷம் அதற்கு வட்டி கட்ட வேண்டும்.

எங்கள் தெருவிலேயே, போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் நிஜமான வீட்டுக் காப்பீடு வைத்திருக்கிறார். பாரத் க்ருஹ ரக்ஷா என்று பெயர். 2021 ஏப்ரல் முதல், வீட்டுக் காப்பீடு தரும் எல்லாப் பொதுக் காப்பீட்டு (ஜெனரல் இன்சூரன்ஸ்) நிறுவனங்களும் இதைக் கொடுத்தாக வேண்டும். தீ, வெள்ளம், புயல், இடி, நிலநடுக்கம் எல்லாம் இதில் உண்டு. மனையின் விலையைச் சேர்க்காமல், திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அந்தத் தொகைக்குப் போடுகிறார்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சத்துக்கு மிகாமல், வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே சேர்கிறது. தண்ணீர் வடிந்ததும் அவர் வீட்டுக்குச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை டேப் வைத்து அளந்தார், ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டுவது வருஷத்துக்குச் சில ஆயிரம்கூட இல்லை. நான் கொடுத்தது 1,48,000.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் போட்டால்தான் கடன் என்று சட்டம் எதுவும் இல்லை. வீட்டுக்குக் காப்பீடு வேண்டும் என்று கடன் கொடுப்பவர் கேட்கலாம், ஆனால் இன்ன நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. "ஆகாது" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார்கள். 2024 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை (Key Facts Statement) ஒன்று தர வேண்டும், அதுவும் உங்களுக்குப் புரிகிற மொழியில். அதைத் தமிழில் வாங்குங்கள். அதில் இன்சூரன்ஸ் என்ற வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் மெயில், போன் நம்பர், உடல்நலக் கேள்விகளை உங்கள் கையாலேயே நிரப்புங்கள்.

மாட்டியவர்கள் முதலில் அந்தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். காப்பீட்டு ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையப் புகார் தளம் இருக்கிறது, 155255 என்ற எண்ணும் இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. கடன் கொடுத்தது வங்கி என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், வீட்டுக்கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கி. நான் பீமா பரோசாவிலும் தேசிய வீட்டுவசதி வங்கியிலும் போட்டிருக்கிறேன், அந்த மெயில் முகவரி உள்ள தாளையும் சேர்த்து.

போன மாதம், இந்த மாதம் கடன் வாங்கியவர்கள் இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். கொடுத்தது ஆயுள் காப்பீட்டு நிறுவனம் என்றால் அது உங்கள் வீட்டுக்கு இல்லை. 30 நாள் முடியவில்லை என்றால் இப்போதே காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயில் போட்டு ரத்து செய்யுங்கள், அப்படியே ஒரு நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கிளைக்குப் போய் நிற்காதீர்கள், பேசிப் பேசியே அந்த நாட்களை ஓட்டிவிடுவார்கள்.