மலைப் பாதை வேனில் 4ஜி ரவுட்டர்: இரண்டு ஆண்டு ஓட்டத்தில் தெரிந்தவை

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் வண்டிக்கும் டவருக்கும் நடுவே மலை வந்து நிற்கும். அடுத்த வளைவில் விலகிவிடும். இப்படிப்பட்ட பாதையில் தினமும் ஓடும் நடமாடும் மருத்துவ வேனுக்கோ மினி பஸ்ஸுக்கோ இணையம் தேவைப்பட்டால், பெரும்பாலும் கையடக்க ஹாட்ஸ்பாட்டில்தான் தொடங்குகிறார்கள். அது நிலைக்காது. வெயிலில் நிறுத்திய வண்டியில் டேஷ்போர்டு 70 டிகிரி வரை சூடேறும். அதன்மேல் கிடக்கும் ஹாட்ஸ்பாட்டின் லித்தியம் பேட்டரி ஒரே கோடையில் உப்பி, பின்மூடியைத் தூக்கிவிடும். பேட்டரியே இல்லாமல் வண்டி மின்சாரத்தில் நேரடியாக ஓடும், இரண்டு சிம் போடக்கூடிய ரவுட்டரும் கூரையில் ஒரு ஆன்டெனாவும்தான் நீடித்து உழைக்கும் ஜோடி.

வண்டி வேகமாகப் போவதால் நெட் அறுகிறது என்ற நம்பிக்கை தவறு. 80 கிலோமீட்டர் வேகத்தில், 2300 மெகாஹெர்ட்ஸில் வண்டியின் ஓட்டத்தால் வரும் அலைவரிசை நகர்வு சுமார் 170 ஹெர்ட்ஸ்தான். 4ஜியின் துணை அலைகளுக்கு இடையே 15,000 ஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதால் இந்த நகர்வு ஒரு பொருட்டே இல்லை. அறுப்பது மலையும் மரமும் டவர்களுக்கு இடையிலான தூரமும்தான்.

அதனால் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பேண்ட் பட்டியல், அதாவது ரவுட்டர் எந்தெந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்பது. ஜியோ 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஏர்டெல்லுக்கு 900, 1800, 2100, 2300. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700, 2100. மலைக்குப் பின்னால் எட்டிப்பார்ப்பவை 700, 850, 900 ஆகிய தாழ்ந்த அலைகளே. வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்த மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் பேண்ட் 28, அதாவது 700, இருக்காது. 700-இல் மட்டும் ஓடும் பிஎஸ்என்எல் டவர் கண்ணெதிரே நின்றாலும் பயன் இல்லை. இன்னொரு தொல்லை: 2300 சிக்னல் நலிந்த பிறகும் ரவுட்டர் அதையே பிடித்துத் தொங்கும். மலைப் பாதையில் மட்டும் ஓடும் வண்டியானால் செட்டிங்கில் பேண்ட் 40-ஐ, அதாவது 2300-ஐ, அணைத்துவிடலாம். ஊருக்குள்ளும் ஓடும் வண்டிக்கு இதைச் செய்ய வேண்டாம். நெரிசல் நேரத்தில் அங்கே அதுதான் வேகம் தரும்.

ஆன்டெனாவில் பெரிய டிபிஐ எண்ணை (அலையை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு) பார்த்து ஏமாறக் கூடாது. 9 டிபிஐ கம்பு ஆன்டெனா அலையைத் தட்டையாகப் பரப்பும். வண்டி ஏற்றத்தில் சாய்ந்ததும் டவர் அந்தத் தட்டுக்கு வெளியே போய்விடும். 3 முதல் 5 டிபிஐ போதும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டெனாவாக வேலை செய்யும், இரண்டு கேபிள் கொண்ட மிமோ வகையாக இருக்க வேண்டும். தனித்தனி ஆன்டெனா என்றால் நடுவே 20 சென்டிமீட்டராவது விடுங்கள். கூரை ஃபைபராக இருந்தால் காந்த ஆன்டெனா ஒட்டாது, அடியில் உலோகம் இல்லாததால் சரியாக வேலையும் செய்யாது. 30-க்கு 30 சென்டிமீட்டர் ஜிஐ தகடு ஒன்றைப் பதித்து அதன்மேல் வைக்கலாம். கேபிளை 3 மீட்டருக்குள் முடியுங்கள். சாதாரண ஆர்ஜி-58 கேபிள் 5 மீட்டர் ஓடினால், 2300-இல் பாதிக்கு மேல் கேபிளிலேயே தொலைந்துபோகும்.

கூரையில் துளை போட்ட இடம்தான் முதல் மழைக்காலத்தில் காலை வாரும். சிக்னல் ஒரே நாளில் விழாது, வாரக்கணக்கில் தேயும். கனெக்டரைக் கழற்றினால் நடு ஊசியில் பித்தளைச் சொம்பில் ஏறுவது போலக் களிம்பு ஏறியிருக்கும். கேபிள் உள்ளே நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகானைப் பூச வேண்டாம், அதன் அமிலமே செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் சிலிகான் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்தை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் எடுத்தால் குலுங்கிக் குலுங்கியே விட்டுப்போகும். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் நொடிப்பொழுது 9-க்குக் கீழே சரியும், ரவுட்டர் அணைந்து மீண்டும் எழ ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். குறைந்த வோல்ட்டிலும் தாங்கும் கன்வெர்ட்டர் ஒன்று நடுவில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இக்னிஷன் ஒயரையும் இணைத்து, சாவி அணைத்து அரை மணி கழித்து ரவுட்டர் தானே அணையும்படி வைக்க வேண்டும். ரவுட்டர் இழுக்கும் 5 வாட் அற்பமாகத் தெரியலாம். ஒரு நாளுக்கு 10 ஆம்பியர்-மணி ஆகிறது. நான்கைந்து நாள் சும்மா நின்றால் 65 ஆம்பியர்-மணி பேட்டரியில் வண்டி கிளம்பாது. 24 வோல்ட் பஸ்ஸுக்கு 30 வோல்ட் வரை தாங்கும் ரவுட்டர் விளிம்பில்தான் நிற்கிறது, 50 வரை தாங்குவதையே எடுங்கள்.

இரண்டு சிம், ஒரே மோடம் என்றால் மாறுவதற்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இணைப்பே இருக்காது. சிக்னல் அளவை வைத்து மாறும்படி விட்டால் ஒவ்வொரு வளைவிலும் மாறி மாறி எதுவுமே வேலை செய்யாது. 15 நொடிக்கு ஒரு பிங் (நெட் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை), தொடர்ந்து 5 தவறினால் மாறு, 15 நிமிடம் திரும்பாதே: மலைக்கு இந்தக் கணக்கு பொருந்துகிறது.

எத்தனை செலவழித்தாலும் இருட்டுப் பகுதி இருட்டாகத்தான் இருக்கும். அதை ஏற்கும் மென்பொருள்தான் பாதி வெற்றி. இந்தியாவின் ஏஐஎஸ் 140 டிராக்கர் விதி, நெட் இல்லாதபோது 40,000 இடப் பதிவுகளைச் சேமித்துப் பிறகு அனுப்பச் சொல்கிறது. நோயாளிப் பதிவும் டிக்கெட் கணக்கும் அப்படியே சேமித்து அனுப்பும் முறையில் இருக்க வேண்டும். தொலைவிலிருந்து ரவுட்டரைப் பார்க்க வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் நல்லது. சிம் மாறி ஐபி மாறினாலும் தானே ஒட்டிக்கொள்ளும். இணைப்பு அறாமல் இருக்க அனுப்பும் கீப்அலைவ் செய்தியை 25 நொடிக்கு ஒன்றாக வையுங்கள்.

வீடியோ ஆலோசனையை ஓடும் வண்டியில் முயலவே வேண்டாம். ஒரு வாரம் ஜிபிஎஸ்ஸோடு ஆர்எஸ்ஆர்பி அளவைப் (டவர் சிக்னலின் வலிமை, டிபிஎம்மில்) பதிந்தால், எங்கே நிறுத்தினால் மைனஸ் 100-க்கு மேல் நிற்கிறது என்று தெரியும். மைனஸ் 115-ஐ நெருங்கும்போது பதிவிறக்கம் ஓடினாலும் பதிவேற்றம் முதலில் சாகும், ஏனென்றால் ரவுட்டர் அனுப்பும் சக்தி வெறும் 0.2 வாட். இதற்கு மாற்றாகக் கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டரை மாட்டாதீர்கள். உரிமமின்றி வைப்பது இந்தியாவில் சட்டவிரோதம், அந்த டவரை நம்பியிருக்கும் ஊர் முழுவதற்கும் இடையூறு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆன்டெனா கேபிள் ரவுட்டரில் சேரும் எஸ்எம்ஏ திருகு கனெக்டர்களைக் கையால் இறுக்கிப் பாருங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கும். நானோ சிம்மை அடாப்டரில் வைத்துப் போட வேண்டாம், குலுக்கலில் முதலில் நகர்வது அதுதான். இரண்டாம் சிம்மின் ரீசார்ஜ் தேதியை ரவுட்டர் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். அது தீர்ந்திருப்பது, முதல் சிம் விழும் அன்றுதான் தெரியவரும்.